வந்து வந்து போகும் சிவப்பு விளக்கு

மீட்டர் போர்டில் ஒரு விளக்கு விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் என்றைக்காவது ஒருநாள் அதைக் கவனித்துவிடுவோம். கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். வந்து வந்து போகும் விளக்கோடுதான் பெரும்பாடு. விடியற்காலையில் எரியும். டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் காணாமல் போயிருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டு போய் நிறுத்தினால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். டாக்டர் வீட்டு வாசலில் கால் வைத்ததும் பல்வலி நின்றுபோகிற மாதிரிதான்!

இந்தக் கட்டுரை பிக்கப் வண்டிகளில் இப்படி மினுக்கும் பிரேக் விளக்கைப் பற்றியது. அதிலும் குறிப்பாக மரக்காணம் மாதிரியான உப்பளக் கரையில் ஓடும் வண்டிகளைப் பற்றியது. இது மெக்கானிக் சமாச்சாரம்தானே, இதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது நண்பர்களே. அந்த விளக்கை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் பிரச்சினையே இருக்கிறது.

சென்னையில் இருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். சாலையோரத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். கரையில் குவித்து வைத்த வெள்ளை அம்பாரங்கள். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. வடகிழக்குப் பருவமழை முடிந்து வெயில் ஏறியதும் உப்பு வேலை தொடங்கும், அடுத்த மழை வரும்வரை ஓடும். அந்த மாதங்களில் லாரிகளுக்கும் லோடு வண்டிகளுக்கும் ஓய்வே கிடையாது. காற்றில் உப்பு, மண்பாதையில் உப்பு, மூட்டையில் இருந்து சிந்தும் உப்பு, சக்கரம் தெறிக்கும் தண்ணீரிலும் உப்பு.

இப்படிப்பட்ட ஊரில் பிரேக் விளக்கு மினுக்கினால் சட்டென்று ஒரு பதில் வரும். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா, உப்புக் காத்து. சென்சார் வேலை. நீங்க ஓட்டுங்க."

இந்தப் பதிலில் பாதி சரி. உப்புதான் காரணமாக இருக்கும். ஆனால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் தவறு. என் வாதம் இதுதான்: சுவிட்சைக் கடித்த உப்பு பக்கத்தில் ஓடும் பிரேக் குழாயைக் கடிக்காமல் விட்டிருக்குமா? விளக்கு பொய் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்த உப்பு, வண்டிக்கு அடியில் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. எனவே உப்புக் காற்று என்று சொல்லி வண்டியை அனுப்பி வைப்பதற்குப் பதில், அதே காரணத்துக்காக வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும்.

முதலில் விளக்கு எப்படி எரிகிறது என்று பார்த்துவிடுவோம். புரிந்துகொண்டால் பயமும் குறையும், அலட்சியமும் குறையும்.

எளிய பிக்கப் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சிவப்பு பிரேக் விளக்குக்கு இரண்டு சுவிட்சுகள் உண்டு. ஒன்று ஹேண்ட் பிரேக் கம்பிக்கு அடியில் இருக்கும். இன்னொன்று பிரேக் ஆயில் டப்பாவுக்குள் இருக்கும். டப்பாவுக்குள் ஒரு மிதவை, அதில் ஒரு சிறு காந்தம். ஆயில் இறங்கினால் மிதவை இறங்கும், காந்தம் அங்குள்ள சுவிட்சை மூடும், விளக்கு எரியும். இந்த இரண்டில் எது மூடினாலும் விளக்கின் ஒயர் வண்டியின் இரும்போடு, அதாவது எர்த்தோடு, சேர்கிறது. ஆகவே நடுவில் எங்காவது ஒயர் உரசித் தோல் போய் இரும்பைத் தொட்டாலும் இதே விளக்குதான் எரியும். கப்ளருக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து இரண்டு பின்களுக்கும் நடுவே பாலம் போட்டாலும் இதே விளக்குதான்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் மஞ்சள் விளக்கு தனியாக ஒன்று உண்டு. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் அளந்து சொல்லும். அதன் கணக்கு பிசகினால் மஞ்சள் எரியும். மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும், ஆனால் திடீரென அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் அதை இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் போயிருக்கலாம்.

சரி, ஏன் வந்து வந்து போகிறது? இதற்கு உப்பின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவிகிதத்தைத் தாண்டினால் காற்றில் உள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசவென்று ஆவது இதனால்தான். கடற்கரையில் இரவும் விடியலும் இந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். பகலில் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்தால் அந்த ஈரம் காய்ந்துவிடும். ஆக, கப்ளருக்குள் படிந்த உப்புத்தூள் விடியலில் மின்சாரம் கடத்தும் உப்புநீர், மத்தியானத்தில் வெறும் தூள். விளக்கு காலையில் எரிந்து பத்து மணிக்கு அணைவதில் மாயம் எதுவும் இல்லை.

உப்பளத்து உப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. அது சுத்திகரிக்காத கல்லுப்பு. உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும், அதில் கொஞ்சம் உப்போடும் ஒட்டிக்கொண்டு வரும். மக்னீசியம் குளோரைடு 33 சதவிகித ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது கடற்கரை ஊரில் அது காய்வதே அபூர்வம். சேஸிஸின் மடிப்பில், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் இது போய் உட்கார்ந்தால் ஆண்டு முழுவதும் இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும். செம்பு ஒயரில் பச்சைக் களிம்பு, இரும்புக் குழாயில் துரு. இரண்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பனியைக் கரைப்பதற்காகச் சாலையிலேயே உப்பைக் கொட்டுவார்கள். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2005-ல், இப்படி உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய சுமார் 8 லட்சம் பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சக்கர வேக சென்சாருக்கு அடியில் துரு படிந்து அதை அதன் இடத்தில் இருந்து தூக்கிவிட்டது. கணக்குப் பிசகிய ஏ.பி.எஸ்., வண்டி மெதுவாக நிற்கப் போகும் நேரத்தில் தேவையே இல்லாமல் வேலை செய்ய ஆரம்பித்தது. விளைவு, வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. "சென்சார் வேலைதான்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சென்சார் கோளாறே பிரேக் கோளாறாக மாறிய கதை இது.

இரண்டாவது கதை இன்னும் முக்கியம். அதே நிறுவனத்தின் 1999 முதல் 2003 வரையிலான பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளில் இரும்பு பிரேக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாவதாகப் புகார்கள் குவிந்தன. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, சுமார் 50 லட்சம் வண்டிகள் அடங்கிய அந்த விசாரணையை 2015 ஏப்ரலில் முடித்தது. திரும்ப அழைக்க உத்தரவிடவில்லை. இது உப்பும் வயதும் சேர்ந்து செய்யும் வேலை, மற்ற கம்பெனிகளின் பழைய வண்டிகளிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்று சொந்தக்காரர்களுக்கு அறிவுரை சொன்னதோடு சரி. அந்த முடிவு நியாயமா என்பது வேறு விவாதம். நமக்கான பாடம் ஒன்றுதான். உப்பு தின்கிற இடத்தில் கம்பெனியோ அரசோ வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது, வண்டி வைத்திருப்பவர்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

இனி, வந்து வந்து போகும் விளக்கை எப்படிப் பிடிப்பது? பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள். சுவிட்ச் மாற்றுவார்கள், பிறகு டப்பாவை மாற்றுவார்கள், பிறகு மீட்டர் போர்டையே மாற்றுவார்கள். பணம் போகும், விளக்கு திரும்ப வரும். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது 10 ரூபாய்க்கு ஒரு குட்டி நோட்டு. விளக்கு எரிந்த நேரம், வளைவா நேர்ச்சாலையா, பிரேக் மிதித்தபோதா இல்லையா, லோடு இருந்ததா, முந்தின நாள் மழையா... இதை ஒரு வாரம் எழுதினால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

வளைவில் எரிந்து நேர்ச்சாலையில் அணைந்தால், ஆயில் குறைந்தபட்சக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று சந்தேகப்படலாம். வண்டி சாயும்போது ஆயில் ஒதுங்கி மிதவை இறங்குகிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் எரிந்தாலும் முதல் சந்தேகம் ஆயில் அளவுதான். பள்ளத்தில் விழுந்து எழும்போது எரிந்தால் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் அல்லது உரசும் ஒயர். விடியலிலும் மழைக்குப் பிறகும் மட்டும் எரிந்தால் கப்ளரில் ஈரம். வண்டி நகர ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில் மஞ்சள் எரிந்தால் சக்கர சென்சார்.

பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கினால்? இதைப் பலர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். கூடாது. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், கொஞ்ச நேரத்தில் பூஸ்டரின் உதவியும் போகும். பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும், முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

சோதனைக்கும் ஒரு வரிசை உண்டு. விளக்கு எரிந்ததும் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெடல் பஞ்சு மாதிரி இருந்தாலோ, பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கினாலோ அத்தோடு பயணம் முடிந்தது. கட்டி இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும். பெடல் சரியாக இருந்தால் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, சமதளத்தில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றி மூடிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். விளக்கு அணையும், மனசும் நிம்மதியாகும். ஆனால் பிரேக் ஆயில் எரிந்து தீரும் பொருள் இல்லையே! குறைந்தால் அது எங்கோ போயிருக்க வேண்டும். டிஸ்க் பேட் தேய்ந்திருந்தால் அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், அது இயல்பு. பேட் நன்றாக இருந்தும் குறைந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். பின் டிரம்மின் உட்பக்கம் ஈரமா, மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் நனைந்திருக்கிறதா, பின் ஆக்சில் மேல் போகும் இரும்புக் குழாயில் துரு கொப்புளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளிப்புகளைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். குழாயின் திறந்த பகுதி பளபளவென்று இருக்கும், கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும்.

ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? எரிந்துகொண்டிருக்கும்போதே டப்பாவின் கப்ளரைக் கழற்றுங்கள். அணைந்தால் சிக்கல் டப்பாவில் அல்லது அந்தக் கப்ளரில். அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். அதற்கும் அணையாவிட்டால் நடுவில் ஒயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது, ஒயரிங்கை அங்கங்கே ஆட்டிப் பார்த்தால் அகப்படும். ஏ.பி.எஸ். வண்டியில் ஸ்கேனர் போட்டால் அணைந்துபோன கோளாறின் பதிவும் பெரும்பாலும் உள்ளே இருக்கும். அதைக் குறித்துக்கொள்வதற்கு முன்னாலேயே அழித்துவிடக் கூடாது. களிம்பு பிடித்த பின்னைச் சுத்தம் செய்து, காய வைத்து, எலக்ட்ரிக்கல் கிரீஸ் தடவிப் பூட்டினால் பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் சேர்ந்து பழசானால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். லோடோடு அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் காற்றை மிதிக்கும். கடற்கரை வண்டியில் கால அளவு பார்த்து முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. இரண்டு, அவசரத்துக்குக் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிறகு மொத்த பிரேக்கும் வேலை வாங்கும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் அறியாதவர்களா நம் டிரைவர்களும் மெக்கானிக்குகளும்? பலர் நன்றாக அறிந்தவர்கள். ஆனால் சீசனில் வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு. விளக்கு எரிகிறது என்று சொல்லும் டிரைவரை, வேலைக்குச் சோம்பல்படுகிறான் என்று பார்க்கும் முதலாளிகளும் உண்டு. அதனால் எளிய வழி ஒன்று பிறக்கிறது. பல்பைக் கழற்றிவிடுவது, இல்லையென்றால் மேலே கறுப்பு டேப் ஒட்டிவிடுவது!

அந்த விளக்கு டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் மூட்டையின் மேல் உட்கார்ந்து வருபவர்களுக்குத் தெரியாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் லோடு வண்டிகளைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சரக்கு வண்டியில் பயணியாக ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் அந்தக் கூலித் தொழிலாளியின் குடும்பம், கையில் காசில்லாத வண்டிக்காரரின் பின்னால்தான் அலைய வேண்டும். மூடி மறைத்த விளக்கின் விலையைக் கட்டப் போகிறவர் அந்த விளக்கைப் பார்த்ததே கிடையாது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதனால் வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. விளக்கு எரிந்தது என்று சொல்லும் டிரைவரின் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். உப்பு நடை முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வழி செய்யுங்கள், கப்ளர்களுக்குள் வேகமாகப் பீய்ச்சாமல். பிரேக் குழாய்களை எஃப்.சி. காட்டப் போகும்போது மட்டும் பார்க்காமல், சீசன் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். புதுக் குழாய் போட நேர்ந்தால் துரு தாங்கும் செம்பு-நிக்கல் குழாய் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

லோடு வண்டியில் முன் சீட்டில் ஏறுபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் ஆவதற்கு முன், மீட்டர் போர்டைப் பாருங்கள். பிரேக் விளக்கு அப்போது எரிய வேண்டும், ஹேண்ட் பிரேக்கை எடுத்து வண்டி கிளம்பும்போது அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது யாரோ கழற்றியிருக்கிறார்கள். "அண்ணே, இந்த விளக்கு என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.